அவே மேட்ச் தோத்துட்டு வந்தா தப்பு யார் மேலன்னு பேசுறது எப்படி

மேட்ச் முடிஞ்ச அந்த ஒரு மணி நேரம் வாட்ஸ்அப் குரூப் பக்கமே போகாதீங்க, இதுதான் முதல் வேலை, மத்ததெல்லாம் அப்புறம். நாம பினாங்கு ஃபுட்பால் டீமோட ரசிகர்கள், ஜொகூருக்கு அவே மேட்ச் போய், அதாவது எதிர் டீமோட திடல்ல ஆடி, தோத்துட்டு வர்றோம்னு வச்சுக்குங்க, அங்க இஸ்கந்தர் புத்ரில இருந்து பினாங்குக்கு 700 கிலோமீட்டர் கிட்ட, ராத்திரி முழுக்க பஸ்ல உக்காந்து வரணும், காலையில நேரா வேலைக்குப் போறவங்களும் அதே பஸ்லதான் இருப்பாங்க, எல்லாருக்கும் வயிறு எரியுது, அந்த நேரத்துல ஒருத்தன் "எல்லாம் கீப்பராலதான்"னு ஒரு வாய்ஸ் நோட் போட்டா போதும், பஸ் பட்டர்வொர்த் வந்து சேர்றதுக்குள்ள கீப்பர் குற்றவாளி ஆயிடுவாரு. அதுக்கப்புறம் வீடியோல என்ன இருந்தாலும் யாரும் மாத்திப் பேச மாட்டாங்க.

தப்பு யாருன்னு பேசவே வேணாம்னு நான் சொல்லல. பேசணும், கண்டிப்பா பேசணும். லீவு போட்டு, டோல் கட்டி, டிக்கெட் வாங்கிப் போற ஆளுக்கு கேள்வி கேக்குற உரிமை இல்லன்னா வேற யாருக்கு இருக்கு? "தோக்குறது சகஜம் லா, விடு லா"ன்னு சொல்றவங்கள எனக்குப் பிடிக்காது, அப்படி விட்டு விட்டுத்தான் ஒரே மாதிரி தோல்விய சீசன் முழுக்க பாத்துட்டு இருக்கோம். ஆனா பேசுறது சரியான ஆள் மேல போய் விழணும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு பெரியவங்க சொல்றது நம்ம திடலுக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு.

அந்த ஒரு மணி நேரத்துல கை சும்மா இருக்காதே, அதனால ஒரே ஒரு காரியம் செய்ங்க. போன்ல நோட்ஸ் திறந்து, எந்த நிமிஷத்துல உங்க மனசுக்கு "இன்னைக்கு போச்சு"ன்னு பட்டுச்சோ அந்த நிமிஷத்த மட்டும் எழுதி வைங்க. யாருக்கும் அனுப்ப வேணாம். பாதி நேரம் அது கோல் விழுந்த நிமிஷமா இருக்காது, அதுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடி, மிட்ஃபீல்டு ஆளுங்க பந்துக்கு நடந்து போக ஆரம்பிச்ச நேரமா இருக்கும். ஸ்டேடியத்துல நின்னு பாத்தவனுக்கு மட்டும் தெரியுற விஷயம் அது, தூங்கி எழுந்தா மறந்துரும், அதனாலதான் உடனே எழுதச் சொல்றேன்.

அடுத்த நாள் மேட்ச்ச திரும்பப் பாருங்க. ஹைலைட்ஸ் இல்ல, முழு மேட்ச். ஹைலைட்ஸ்ல கடைசி ஆளோட தப்பு மட்டும்தான் தெரியும், ஏன்னா எடிட் பண்றவரு கோலுக்கு அஞ்சு செகண்ட் முன்னாடிதான் வெட்டுவாரு, அதுல இருக்கப் போறது ஒரு டிஃபென்டரும் ஒரு கீப்பரும்தான். முழு மேட்ச் கிடைக்கலன்னா முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்த ரெண்டு பேர உக்கார வச்சு கேளுங்க, ஒருத்தர் ஸ்டேடியத்துல பாத்தவரா இருக்கணும், இன்னொருத்தர் டிவில பாத்தவரா இருக்கணும்.

பாக்குறதுக்கு ஒரு முறை இருக்கு. கோல் விழுந்த இடத்துல நிறுத்தி அங்க இருந்து 20 செகண்ட் பின்னாடி ஓட்டுங்க. பந்து முதல்ல யார் கால்ல இருந்து போச்சு? போன உடனே யாராவது திரும்பி ஓடுனாங்களா, இல்ல கைய விரிச்சுக்கிட்டு ரெஃப்ரிய பாத்து நின்னாங்களா? கிராஸ் போட்டவனுக்கு முன்னாடி யாராவது போய் நின்னாங்களா? ரைட் பேக், அதாவது வலது ஓரத்து டிஃபென்டர், மேல ஏறிப் போயிருந்தா அவர் விட்டுட்டு வந்த இடத்த மூடுறதுக்கு யாரு இருந்தா? பெனால்டி பெட்டிக்குள்ள நடு டிஃபென்டருங்க, அந்த ரெண்டு சென்டர் பேக்கும், ஒரே ஸ்ட்ரைக்கர பாத்துட்டு நின்னாங்களா? இதெல்லாம் கேட்டு முடிச்ச பிறகு கீப்பர்கிட்ட வாங்க. இப்படி வரிசையா பாத்தா கீப்பர் பேரு பெரும்பாலும் அஞ்சாவதா ஆறாவதாத்தான் வரும், சில சமயம் முதல்லயே வரும், அப்ப வந்தா வரட்டும், சொல்ல வேண்டியதுதான்.

இதுக்கு 2018 ஹனோய் மேட்ச்ச விட நல்ல பாடம் கிடையாது. தென்கிழக்கு ஆசிய நாடுகளோட ஏஎஃப்எஃப் கப் ஃபைனல், மலேசியாவும் வியட்நாமும், ரெண்டாவது மேட்ச், டிசம்பர் 15, மி டின் ஸ்டேடியம். 6வது நிமிஷத்துல வியட்நாமோட குவாங் ஹாய் இடது பக்கம் இருந்து பந்த தூக்கிப் போட்டாரு, ஆன் டுக் அத கீழ விழ விடாம அடிச்சாரு, 1-0, அதோட முடிஞ்சது. அன்னைக்கு ராத்திரி கோலாலம்பூர்ல இருந்து பினாங்கு வரைக்கும் எல்லா மாமாக் டீக்கடையிலயும் ஒரே பேச்சு, ஆன் டுக்க விட்டது யாரு, விட்டது யாருன்னு. சரி, நல்ல கேள்விதான். ஆனா நாலு நாள் முன்னாடி, முதல் மேட்ச்ல, கோலாலம்பூர் புக்கிட் ஜலில்ல என்ன நடந்துச்சு? நம்ம வீட்டுலயே, கூட்டம் நிரம்பி வழியுற ஸ்டேடியத்துல, முதல் 25 நிமிஷத்துக்குள்ள ரெண்டு கோல் வாங்குனோம். ஷாருல் சாத் ஒண்ணு, சஃபாவி ஃப்ரீ கிக்ல ஒண்ணுன்னு கஷ்டப்பட்டு 2-2 ஆக்குனோம், ஆனா அவங்க அந்த ரெண்டு அவே கோல, மொத்தத்துல சமமா வந்தா கூடுதல் மதிப்பு குடுக்குற வெளியூர் கோல, பைல போட்டுக்கிட்டுத்தான் ஊருக்குப் போனாங்க. ஹனோய்ல ஒரு கோல் வாங்குனது தப்புதான். ஆனா கப்பு கையில இருந்து நழுவ ஆரம்பிச்சது புக்கிட் ஜலில்ல. அவே மேட்ச் தோல்விய அந்த 90 நிமிஷத்துக்குள்ள மட்டும் தேடாதீங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

இன்னொரு பார்வையும் பழகிக்குங்க, பந்த பாக்காம ஆளுங்கள எண்ணுறது. நாம பந்த விட்டுக் குடுக்குற அந்த செகண்ட்ல வீடியோவ நிறுத்தி, பந்துக்கும் நம்ம கோலுக்கும் நடுவுல நம்ம ஆளுங்க எத்தன பேருன்னு எண்ணுங்க. அவே மேட்ச்ல ரெண்டு ஃபுல் பேக்கும், அதாவது ரெண்டு ஓரத்து டிஃபென்டரும், மேல ஏறிட்டு மூணு பேருதான் பின்னாடி நிக்கிறாங்கன்னா, அதுவும் திரும்பத் திரும்ப அப்படித்தான் இருக்குதுன்னா, அது அந்த மூணு பேரோட தப்பு இல்ல, அப்படி ஆடச் சொன்னவரோட முடிவு. 70வது நிமிஷத்துக்கு மேல மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவுல இடைவெளி பெருசாகிட்டே போகுதுன்னா அது களைப்பு, அதுக்கு ஃபிட்னெஸ், பயணம், லேட்டா ஆள மாத்துனதுன்னு காரணம் வேற எங்கயோ இருக்கும். கார்னர்ல கோல் வாங்குனா, ஆளுக்கு ஆள் பிடிச்சு நின்னாங்களா, இல்ல இடத்த பிரிச்சுக்கிட்டு நின்னாங்களான்னு முதல்ல பாத்துக்குங்க, அது தெரியாம "அவன் ஏன் அவன பிடிக்கல"ன்னு கேக்குறதுல அர்த்தமே இல்ல.

பயணத்தப் பத்தி சொன்னேன். அவே மேட்ச்னா திடல் வேற, புல்லு வேற, சத்தம் வேற. ஜொகூரோட சுல்தான் இப்ராஹிம் ஸ்டேடியத்துல இருக்குறது ஸோய்சியா புல், பல பழைய ஸ்டேடியங்கள்ல கௌ கிராஸ்னு வேற புல், பந்து ஓடுற வேகமே மாறும், கௌ கிராஸ்ல பழகுன டீமுக்கு முதல் பத்து இருபது நிமிஷம் பாஸ் எல்லாம் நீளமாப் போகும். சபா சரவாக்னா பிளைட் எடுக்கணும். கிளந்தான்னா மலை ரோடு. இதெல்லாம் நிஜமான காரணம், ஒத்துக்கிறேன், ஆனா ஒரு அளவுக்குத்தான், ஏன்னா அவங்களும் இங்க நம்ம சிட்டி ஸ்டேடியத்துக்கு அதே தூரம் வந்துட்டுத்தான் போறாங்க. பயணத்த காரணமா சொல்றவர்கிட்ட, நாம ஹோம்ல ஜெயிச்சப்ப எதிர் டீமுக்கு அந்தக் காரணத்த குடுத்தீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.

ரெஃப்ரி. "ரெஃப்ரி காயு", அதாவது ரெஃப்ரி மரக்கட்டைன்னு ஸ்டேடியத்துல கத்துறது நம்ம ஊரு வழக்கம், கத்துங்க, அது ஸ்டேடியத்தோட போகட்டும். உக்காந்து பேசும்போது ஒவ்வொரு முடிவுக்கும் மூணு விஷயம் சொல்லச் சொல்லுங்க: எத்தனாவது நிமிஷம், அப்ப ஸ்கோர் என்ன, அதுக்கப்புறம் நமக்கு எவ்ளோ நேரம் இருந்துச்சு. 80வது நிமிஷத்துல 0-0ல ஒரு தப்பான பெனால்டி குடுத்தாங்கன்னா சரி, அது மேட்ச்ச மாத்துன முடிவு. ஏற்கனவே 2-0 பின்னாடி இருக்கும்போது ஒரு த்ரோ இன்ன மாத்திக் குடுத்ததப் பத்தி அரை மணி நேரம் பேசுனா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாத்தான் முடியும்.

அடுத்தது கோச், இங்கதான் நெறைய நேரம் எடுக்கணும், ஏன்னா நம்மாளுங்க ரொம்ப சீக்கிரம் வந்து நிக்கிற இடம் இது. கோச் கையில என்ன இருந்துச்சோ அதுக்கு மட்டும் அவர கேளுங்க. முதல் 11 பேர், ஆடுன முறை, ஆள மாத்துன நேரம், இந்த மூணும் அவரோடது. "ஏன் அவன இறக்கல"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி அவன் பெஞ்சுல இருந்தானான்னு பாருங்க, இஞ்சுரியா, மஞ்சள் கார்டு சேர்ந்து சஸ்பெண்டான்னு பாருங்க. ஆள மாத்துறதுலயும் கணக்கு இருக்கு, அஞ்சு பேர மாத்தலாம், ஆனா ஆட்டம் நடக்கும்போது மூணு தடவைதான் நிறுத்தி மாத்த முடியும், பிரேக்ல மாத்துனா அது கணக்குல வராது. 50வது நிமிஷத்துல பின்னாடி போயிட்டு 78 வரைக்கும் ஒருத்தரையும் மாத்தாம நின்னாருன்னா கேளுங்க, சத்தமாவே கேளுங்க, அது நியாயமான கேள்வி.

ஆனா ஒரே ஒரு தோல்வில கோச்ச தூக்கணும்னு கெளம்புற ஆளுங்களுக்கு நான் எப்பவும் ராஜகோபால் கதையத்தான் சொல்வேன். 2010 டிசம்பர் 1, ஜகார்த்தா, ஏஎஃப்எஃப் கப்போட முதல் மேட்ச், இந்தோனேசியா நம்மள 5-1ல அடிச்சாங்க. கோச் கே. ராஜகோபால், நம்மாளு. அந்த டீம்ல நெறைய பேர் இளம் பசங்க, முந்தின வருஷம் வியன்டியன்ல சீ கேம்ஸ் தங்கம் எடுத்த அதே பசங்க. 5-1 வாங்குன கையோட கோச்ச மாத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. மாத்தல. தாய்லாந்தோட 0-0, லாவோஸ 5-1, செமி ஃபைனல்ல வியட்நாம இங்க 2-0ல அடிச்சு அங்க 0-0, ஃபைனல்ல புக்கிட் ஜலில்ல இந்தோனேசியாவ 3-0. திரும்ப ஜகார்த்தா போனோம், டிசம்பர் 29, அங்க கைருல் ஃபாமி ஒரு பெனால்டிய பிடிச்சாரு, மேட்ச் 2-1ல தோத்தோம், ஆனா மொத்தத்துல 4-2, கப்பு நம்மளோடது, மலேசியா அந்தக் கப்ப எடுத்தது அதுதான் முதல் தடவை. கப்ப தூக்குன அந்த ராத்திரி கூட ஸ்கோர்போர்டுல நமக்கு அவே தோல்விதான் இருந்துச்சு.

இதுக்கு நேர் எதிரா நடந்தது 2015. செப்டம்பர் 3, அபுதாபில யுஏஇகிட்ட மலேசியா 10-0ல தோத்துச்சு. அத நான் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன், அன்னைக்கு எனக்கு சாப்பாடு இறங்கல, எந்த ரசிகனுக்கும் இறங்கியிருக்காது. கோச் டொல்லா சாலே பதவி விலகுனாரு. அஞ்சு நாள் கழிச்சு ஷா ஆலம்ல சவூதியோட மேட்ச், 2-1ல பின்னாடி இருக்கோம், கடைசி நிமிஷங்கள்ல கேலரில இருந்து ஃப்ளேரும் பட்டாசும் திடலுக்குள்ள வந்து விழ, ஆட்டத்த நிறுத்திட்டாங்க, பின்னால சவூதிக்கு 3-0ன்னு குடுத்துட்டாங்க, நம்ம சங்கத்துக்கு அபராதம் வேற. கோவம் நியாயமானதுதான், நிர்வாகத்த கேக்கணும்னு நெனச்சதும் நியாயம்தான், ஆனா கேட்ட விதத்துல கேள்வியே காணாமப் போச்சு, அடுத்த நாள் எல்லாரும் ஃப்ளேர் எறிஞ்சவங்களப் பத்தித்தான் பேசுனாங்க, 10-0க்கு யாரு பொறுப்புன்னு கேக்க வேண்டிய நேரம் அப்படியே போயிருச்சு. நிர்வாகத்துக்கு இதவிட வசதி வேற என்ன வேணும்?

அதனால நிர்வாகத்த எப்படிக் கேக்குறதுன்னு பாப்போம். கோச்சுக்கு மேல இருக்குற ஆளுங்க திடல்ல தெரிய மாட்டாங்க, அதனால தப்பிச்சுருவாங்க. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிங்குற மாதிரி 20 வயசு லெஃப்ட் பேக்தான் மாட்டுவான். மலேசிய லீக்ல சம்பள பாக்கி எத்தன கிளப்ல எத்தன வருஷமா நடந்துட்டு வருதுன்னு பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். மாசக்கணக்கா சம்பளம் வராம, கார் கடன் கட்ட முடியாம இருக்குறவன் 85வது நிமிஷத்துல ஏன் ஓடலன்னு கேக்குறதுக்கு முன்னாடி, அவனுக்கு சம்பளம் வந்துச்சான்னு கேளுங்க. சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி யார விட்டாங்க, யார எடுத்தாங்க, பெஞ்சுல மாத்து ஸ்ட்ரைக்கர் இருந்தாரா, ஏன் இல்ல. இதெல்லாம் ரசிகர் மன்றம் மூலமா எழுத்துல கேளுங்க, ஒரே கடிதத்துல ரெண்டு மூணு கேள்விக்கு மேல வேணாம், தேதியோட, பதில் வரலன்னா வரலன்னு வெளிய சொல்லுங்க.

நம்ம பினாங்கையே பாருங்களேன். 2016ல பாஹாங்குக்கு எதிரா சிட்டி ஸ்டேடியத்துல ஃபாயிஸ் சுப்ரி அடிச்ச ஃப்ரீ கிக், வருஷத்தோட சிறந்த கோலுக்குக் குடுக்குற ஃபிஃபா புஷ்காஷ் விருது வாங்குச்சு, உலகமே பாத்துச்சு. அடுத்த வருஷமே, 2017ல, அதே டீம் மலேசிய சூப்பர் லீக்ல கடைசி இடத்துல முடிச்சு கீழ் டிவிஷனுக்கு இறங்குச்சு. அவ்ளோ பெரிய கோல் போட்ட ஆளாலயும் ஒரு டீம தனியா தூக்கி நிறுத்த முடியல. அப்படி இருக்கும்போது ஒருத்தன் மட்டும் தனியா ஒரு டீம கவுத்துட்டான்னு சொல்றத நான் எப்படி நம்புறது?

இன்னொரு பேச்சு வரும், "கேலோங்", அதாவது காசு வாங்கிட்டு மேட்ச்ச விட்டுக் குடுக்குறது. 1990கள் நடுவுல நம்ம லீக்ல நடந்தது அப்படி, 21 பேர டீம்ல இருந்து தூக்குனாங்க, 58 பேருக்கு தடை, 126 பேர விசாரிச்சாங்க, அந்தக் காலத்துல ஸ்டேடியத்துக்குப் போன அங்கிள்களுக்கு அந்த வலி இன்னும் போகல, அதனால ஒரு பேக் பாஸ் தப்பாப் போனாலே "விலைக்குப் போயிட்டான் தம்பி"ன்னு சொல்லிருவாங்க. அவங்க வலி எனக்குப் புரியுது. இருந்தாலும் ஆதாரம் இல்லாம ஒரு ஆட்டக்காரர் பேரோட சேர்த்து அந்த வார்த்தைய சொல்லக் கூடாது, குரூப்ல சொன்னா அட்மின் அழிச்சிரணும். நிஜமாவே சந்தேகம் இருந்தா புகார் குடுக்க வழி இருக்கு, தே தாரிக் குடிச்சுக்கிட்டே தீர்ப்பு சொல்ற விஷயம் இல்ல அது. அப்புறம் மேட்ச் மேல காசு கட்டி 50 வெள்ளியோ 500 வெள்ளியோ விட்டவரு பேசுறத தனியா வைங்க, அவருக்கு எரியுறது வேற இடம்.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிற ஒண்ணு. ஆட்டக்காரரோட இனத்த, மதத்த, குடும்பத்த எடுக்கவே கூடாது. தமிழ்ப் பையன் ஒருத்தன் தப்பு பண்ணா வெளிய சில பேரு அவன் பேர வச்சுப் பேசுவாங்க, அதப் பாத்து நம்ம குரூப்ல அவன் பண்ணது தப்பே இல்லன்னு கண்ண மூடிக்கிட்டு வாதாடுவோம், ரெண்டாலயும் அவனுக்கு நல்லது நடக்காது. கோல்ல நின்ன ஆர். ஆறுமுகம், டிஃபென்ஸ்ல நின்ன எம். சந்திரன் எல்லாம் இந்த நாட்டு டீமுக்கே தூணா நின்னவங்க, அவங்கள ஊரே கொண்டாடுனது அவங்க ஆட்டத்த வச்சு. இன்னைக்கு ஆடுற பையனையும் அதே தராசுல நிறுத்துங்க, கூடவும் வேணாம் குறையவும் வேணாம். அவன் இன்ஸ்டாகிராம்ல போய் அம்மா அப்பாவ இழுக்குறவன் ரசிகனே இல்ல, அவன குரூப்ல இருந்து எடுத்துருங்க, யோசிக்கவே வேணாம்.

சரி, எல்லாரும் உக்காந்து பேசுற நாள். டத்தோ கிராமட் பக்கமோ பிறை பக்கமோ ஒரு மாமாக் கடை, ஆறேழு பேருக்கு மேல வேணாம், அதுக்கு மேல போனா சத்தமா பேசுறவன்தான் ஜெயிப்பான். பயணம் போனவங்கள முதல்ல பேச விடுங்க. அவங்க எழுதி வச்ச அந்த நிமிஷங்கள சொல்லட்டும், நாலு பேரு தனித்தனியா எழுதுனது ஒரே நேரத்துல வந்து நின்னா உங்க பேச்சு அங்க இருந்துதான் தொடங்கணும். அங்கிள்ங்க 1974 மலேசியா கப்புல இருந்து ஆரம்பிப்பாங்க, ஆரம்பிக்கட்டும், அஞ்சு நிமிஷம் கேளுங்க, ஏன்னா திடல்ல யாரு ஒளிஞ்சு ஆடுறான்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு வீடியோ தேவையில்ல. சின்னப் பசங்க நம்பரோட வருவாங்க, பொசெஷன், அதாவது பந்து நம்மகிட்ட இருந்த நேரம், 58 சதவீதம்னு, அந்த 58ல எவ்ளோ நம்ம பாதியிலேயே பந்த தட்டிக்கிட்டு இருந்ததுன்னு கேளுங்க தம்பிங்கள, கோவமாக் கேக்காம கத்துக்குடுக்குற மாதிரி கேளுங்க.

ஒருத்தர் பேரு சொன்னா உடனே "அவருக்கு முன்னாடி யாரு?"ன்னு ஒருத்தர் கேக்கணும், அந்த வேலைய முன்கூட்டியே ஒருத்தருக்கு குடுத்துருங்க. எதிர் டீம் நல்லா ஆடுனாங்கன்னு சொல்றதுக்கும் இடம் விடுங்க, 2014ல இருந்து லீக்க விடாம எடுத்துட்டு இருக்குற ஜொகூர் டீம் ஜேடிடிகிட்ட அவங்க திடல்ல தோத்ததுக்கும், டேபிள்ல நமக்குக் கீழ இருக்குறவங்ககிட்ட தோத்ததுக்கும் ஒரே அளவு கோவம் இருக்கக் கூடாது.

பேசி முடிச்சதும் மூணே மூணு காரணத்த எழுதுங்க, பெரியது முதல்ல, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அத சரி பண்ண வேண்டியது யாருன்னு எழுதுங்க, ஆட்டக்காரரா, கோச்சா, நிர்வாகமா. அத குரூப்ல பின் பண்ணி வச்சுட்டு அடுத்த அஞ்சு மேட்ச்சப் பாருங்க, ஹோமும் அவேயும் சேர்த்து. திரும்ப அதே காரணத்தாலதான் கோல் வாங்குறோம்னா அப்ப அந்த லிஸ்ட்ட எடுத்துட்டு நேரா போய் கேளுங்க, மேட்ச்சு, நிமிஷம், யாரோட பொறுப்பு, எல்லாம் அதுலயே இருக்கும்.